வலி இரண்டு

அறுவைச் சிகிச்சை முடிந்து ஐம்பத்திரண்டு மணி நேரமாகியிருந்தது. "இப்போது வலி எவ்வளவு? பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்" என்று வார்டுச் சுவரில் பதித்திருந்த கருவி கேட்டது.

லூர்துராயன் மனைவியைப் பார்த்தான். பிலோமி இரண்டு விரல்களைக் காட்டினாள்.

"ரெண்டு" என்றான்.

எண் மூன்றைத் தாண்டினாலோ, தைத்த வயிற்றை மறுபடி திறந்தாலோ டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்தே மதிப்பெண் குறையும். போன மாதம் யாரோ ஏழு என்று சொல்லப்போய், முந்தைய டாக்டரை மறுநாளே தூக்கிவிட்டார்கள். அவனுக்கு அறுவை செய்த நஸ்ரின் டாக்டரும் போய்விட்டால் அந்தக் கடற்கரை ஊர்களில் வயிற்றைத் திறந்து பார்க்க வேறு ஆளில்லை. அதனால் வார்டில் எல்லோருக்கும் இரண்டுதான். "இங்க பிரசவ வலியே ரெண்டுதாம்மா" என்று எதிர்க்கட்டில்காரி முதல் நாளே பிலோமிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மத்தியானம் அவன் உடம்பு கொதித்தது. வயிறு பலகைபோல இறுகிவிட்டது. துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பிலோமி ஓடிப்போய் நஸ்ரினைச் சுவருக்குக் கேட்காத படிக்கட்டுக்கு அழைத்து வந்தாள்.

"டாக்டரம்மா, நாங்க பொய் சொல்லிட்டோம். நேத்துலேருந்தே அவருக்கு உசிரு போற வலி. உங்கள மாத்திருவாங்கன்னுதான் மறைச்சோம். இப்ப திறந்து பாத்தா சரியாயிருமா?"

"நேரம் கடந்திருச்சுக்கா."

"நான் நேத்தே வாயத் திறந்திருந்தா?"

நஸ்ரின் படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லித்தான் தெரியணும்னு இல்லக்கா. நேத்து வயித்தத் தொட்டப்பவே எனக்குத் தெரியும்."