காட்டிக்கொடுக்கும் கார்டு

மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து ஒளித்துக் கொண்டுவந்த நோட்டை அவர் நீட்டியபடியே நிற்கிறார். பேக்கரிப் பெண் அதைச் செத்த பல்லியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். "காசு வாங்குறதில்ல சார், கார்டு மட்டும்தான்." கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் விளக்கின் கீழ், கிரீம் பன் உச்சியில் ஒரு செர்ரியைச் சூடிக்கொண்டு அவரையே பார்க்கிறது. கார்டு சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தட்டினால் குறுஞ்செய்தி போவது மனைவியின் போனுக்கு. இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவரைவிடப் பலமாகத் தலையாட்டியவள் அவள். "பின்னாடி ஆள் நிக்குறாங்க சார்." தூங்குகிற நாயின் வாலைத் தொடுவதுபோல் கார்டை மெஷின்மேல் வைத்து எடுக்கிறார். மெஷின் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது. பன் கைக்கு வருவதற்குள் போன் அடிக்கிறது. "பேக்கரியில என்ன வேலை உங்களுக்கு?" "சும்மா... ஒரே ஒரு பன்தான்." மறுமுனையில் மனைவி உடனே பங்கு பிரித்துவிடுகிறாள். "சரி, பாதிதான் உங்களுக்கு. மீதி எனக்கு." அவர் நோட்டை மறுபடி கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, "ரெண்டா வெட்டிக் குடும்மா" என்கிறார். கத்தி பன்மேல் வந்து நிற்கிறது. "செர்ரி யாருக்கு சார்?" அவர் செர்ரியை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். "வீட்டுக்கு."