முதல் ஈட்டு இட்லி

நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மனப்பதிவுத் தொப்பியை மாட்டுவது என் வேலை. தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று திரை காட்டிவிடும்.

அன்று இட்லிக்கடை பூங்காவனத்துக்கு மாட்டினேன். அவள் வாங்கிய உளுந்து மாவில், சீக்கிரம் பொங்குவதற்காகக் கம்பெனி ஏதோ மருந்தைக் கலந்திருந்தது. சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். திரையில், வழக்கம்போல முதல் ஈட்டு இட்லியைத் தன் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள் பூங்காவனம். அந்தக் குழந்தையும் இப்போது ஆஸ்பத்திரியில்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நல்லாவே தெரியுது," என்றார் நீதிபதி. "ஆனா கெட்ட சாப்பாட்டை வித்தா, தெரிஞ்சு வித்தீங்களான்னு இந்தச் சட்டம் கேக்காதும்மா. ஒரு வருஷம் ஜெயில்."

அதே விசாரணையில் கம்பெனி மீது இருந்தது மோசடி வழக்கு. அதற்குக் கெட்ட எண்ணத்தைக் காட்டியாக வேண்டுமாம்.

"எதைக் கலக்கறதுன்னு முடிவு பண்ணதே மெஷின்தாங்கய்யா. தொப்பி மாட்ட அங்க தலையே இல்ல," என்றார் கம்பெனி வக்கீல்.

கம்பெனிக்கு விடுதலை!

தொப்பியைக் கழற்றப் போனேன். பூங்காவனம் என் கையைத் தட்டிவிட்டு, மேசையில் சாட்சியாக இருந்த மாவு பாக்கெட்டைப் பிய்த்து வக்கீல்மேல் வீசினாள். கறுப்பு அங்கியெல்லாம் வெள்ளையானது.

"இந்தாய்யா, மொதல்ல உம்புள்ளைக்கு ஊட்டு!"

நீதிபதி திரையைப் பார்த்தார். தொப்பி இன்னும் அவள் தலையில்தான் இருந்தது.

"வேணும்னேதான் செஞ்சிருக்காங்க. இன்னும் ஆறு மாசம் சேத்துக்கோங்க."

அவள் மனசை அந்த நீதிமன்றம் மதித்தது அந்த ஒரு தடவைதான்.