கொண்டுபோகக் கூடாத முடிச்சு

காற்றில் அவிழாத முடிச்சு ஒன்று இக்கரைத் தூக்கணாங்குருவிகளுக்குத் தெரியும். அதை ஆறு தாண்டிக் கொண்டுபோகக் கூடாதென்று சட்டம். காவலுக்கு ஒரு காக்கை.

போன காற்றில் கூட்டையும் முட்டைகளையும் இழந்த அக்கரைக் குருவி ஒன்று வந்து அதைக் கற்றுத்தரும்படி கேட்டது. இக்கரைக் குருவிகள் எல்லாவற்றுக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் பயம்; ஒன்றும் சொல்லித்தரவில்லை.

திரும்பும் வழியில் காக்கை மறித்தது. "அந்த முடிச்சைக் கொண்டுபோறியா?"

"அது எப்படியிருக்கும்னே தெரியாதேண்ணே. தெரியாமக் கொண்டுபோயிட்டா?"

நியாயமான கேள்வியாகப் பட்டது காக்கைக்கு. நார் ஒன்றை எடுத்துக் கிளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் நுழைத்து இழுத்தது. "இதுதான். நல்லாப் பாத்துக்கோ."

"இன்னொரு தடவை காட்டுங்கண்ணே. தப்பு நடந்துடக் கூடாது."

மூன்று தடவை காட்டியது. பிறகு குருவியின் அலகைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு நார்கூட இல்லை.

"சரி, போ."