வெள்ளைத் திரை

"இத்தனை படிச்ச பொண்ணுக்கு, நாளைக்குக் காத்து அடிக்குமா அடிக்காதான்னு தெரியாதாம்!"

செம்பியன் சொன்னதும் பட்டினச்சேரி மீன் ஏலக்கூடமே சிரித்தது.

சில்வியா தலையைக் குனிந்துகொண்டாள். காரைக்கால் டவுன் பெண். கணிதத்தில் தொடங்கி, கம்ப்யூட்டருக்குப் போய், பிறகு டிசைன், கடைசியாக எதிக்ஸ் என்று பெங்களூரில் வேலை பார்த்தவள். இப்போது கடலுக்குப் போகிறவர்களுக்காகக் காற்றையும் அலையையும் கணித்துச் சொல்லும் ஒரு ஆப் செய்திருந்தாள்.

பச்சை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக்கூடாது. கணக்கு பிடிபடாத நாளில் திரை வெள்ளையாகி, 'தெரியவில்லை' என்று மட்டும் வரும்.

ஊரில் சிலர் போனில் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். பிரச்சினையே அந்த வெள்ளைதான்.

"வெள்ளிக்கிழமை வெள்ளையா காட்டுச்சு. நாங்க கரையிலயே உட்கார்ந்துட்டோம். துணிஞ்சு போனவன் வஞ்சிரமா அள்ளிட்டு வந்தான். எங்க வீட்ல கருவாட்டுக் குழம்பு!" என்றார் செம்பியன்.

மறுபடியும் சிரிப்பு.

"நீ வேலை பார்த்ததா சொன்னியே, அது என்னம்மா எதிக்ஸு?" என்று ஒருவர் கேட்டார்.

"எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு யோசிக்கிறதுங்க."

"அதை எம் பொண்டாட்டி சம்பளம் இல்லாமலே தினம் சொல்லுதே!"

ஊர்த் தலைவர் கையமர்த்தினார்.

"இதோ பாரும்மா. மத்த ஆப்பெல்லாம் போ, போகாதேன்னு பட்டுனு சொல்லுது. நீயும் வெள்ளையை எடுத்துட்டு அங்கயும் பச்சையைப் போட்டுடு. ஊரே வச்சுக்கும்."

சில்வியாவுக்கு அது சின்ன வேலை. இந்த ஊர் ஏற்றுக்கொண்டால் பக்கத்து ஊர்களும் ஏற்கும். இல்லையென்றால் இத்தனை நாள் உழைப்பும் இன்றோடு சரி.

"தெரியாத நாள்ல பச்சை போட முடியாதுங்க" என்றாள் மெதுவாக.

"அப்ப எங்களுக்கு வேணாம். இது ஊர் முடிவு. யாரும் போன்ல வச்சுக்கக் கூடாது. அழிச்சிடுங்கப்பா!" என்றார் தலைவர்.

முதலில் அழித்தவர் செம்பியன். போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். கைதட்டல் எழுந்தது.

சில்வியா பஸ் பிடிக்க நடந்தாள். கண் கலங்கியது. பின்னால் ஒரு பைக் வந்து நின்றது.

செம்பியன்.

"இன்னும் கிண்டல் பாக்கி இருக்குங்களா?" என்றாள்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினார்.

"எம் மவன் போனு. நாளைக்குத்தான் மொத தடவையா கடலுக்குப் போறான். உன்னோடதை இதுல ஏத்திக் குடும்மா."

"இப்பதானே வேணாம்னு அழிச்சீங்க?"

"நான் போறப்ப எந்தப் பச்சையையும் நம்பிப் போயிடுவேன். பிள்ளை போறப்ப அப்படி முடியலம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ற ஒண்ணு அவன்கூட இருக்கணும்."

சில்வியா ஏற்றிக் கொடுத்தாள்.

"ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா தலைவர் கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

செம்பியன் தயங்கினார். பிறகு இன்னொரு பையில் கைவிட்டு மற்றொரு போனை எடுத்தார்.

"இது தலைவர் மவனோடது. அவரேதான் குடுத்துவிட்டாரு. இதுலயும் ஏத்திடு."