ஐந்து மணிக்கு வந்த எண்

ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தங்கை நிற்கிறாள். ஆய்வக வேலைக்கு வருவதாக இருந்தால் ஐந்து மணிக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நேற்று அந்தத் தகவலை வாங்கிவைத்தவன் அண்ணன். எண் அவனுடைய டிஜிட்டல் டைரிக்குள் இருக்கிறது. தச்சு வேலையில் தடித்துப்போன கட்டைவிரலுக்கு, அரிசி அளவுப் பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் இரண்டு அழுந்துகின்றன. மங்கிய திரையை ஜன்னல் வெயிலுக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறான். பெயர்ப் பட்டியலில் மரக்கடை வருகிறது, பல் டாக்டர் வருகிறார், மறுபடியும் மரக்கடையே வருகிறது.

"ஒரு துண்டுச் சீட்டுல எழுதியிருந்தா என்னண்ணா கொறஞ்சுபோயிருக்கும்?"

"சீட்டு தொலைஞ்சிடும். இது தொலையாது. கொஞ்சம் பொறு."

"அது தொலையல. நான்தான் தொலைஞ்சேன்."

சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொடுகிறது. அவன் உள்ளங்கையில் டைரி கீச்சிடுகிறது. திரையில் ஒரு நினைவூட்டல் தானாகவே ஊர்ந்து வருகிறது: தங்கச்சி வேலை, போன் பண்ணணும். அதன் வாலில் அந்த எண்.

"அஞ்சு மணின்னு சொன்னாங்கல்ல, அதான் அஞ்சுக்கு அலாரம் வெச்சேன்," என்கிறான் அண்ணன். "பாத்தியா, மறக்கவேயில்ல."

அவள் எண்ணை அழுத்துகிறாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. டைரியும் விடாமல் கீச்சிடுகிறது. அதை நிறுத்தும் பொத்தானை அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறான்.