நாலு மணி அபாயம்

மாலை நாலு மணிக்குச் சைரன் அலறியது. ‘தன்ஷிகா இன்னும் வீடு வந்து சேரவில்லை’ என்று கூடத்துச் சுவர் சிவப்பாக ஒளிர்ந்தது. அபாய நிலை என்பதால் அடுக்ககத்தின் எல்லா வீட்டுச் சுவர்களும் அலறின. முதல் வாரம் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அழுதார்கள். இப்போது மதியத் தூக்கம் கெடுகிறது என்று சங்கத்தில் புகார் செய்திருக்கிறார்கள்.

சுவர்க் கணினியைச் சரிசெய்ய வந்த ரெஜினா சைரனை நிறுத்தினாள்.

“ஸ்கூல் விட்டதும் தானா தேட ஆரம்பிச்சிடுது சார். பாப்பா எங்க இருக்கா?”

“வேன் விபத்துல போயிட்டா. ஆடி மாசம்,” என்றான் தன்ஷிகாவின் அப்பா பிரபாகர், வேறு யார் வீட்டுச் செய்தியையோ சொல்வதுபோல.

ரெஜினா சுவரில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள்.

“அப்ப தேடுற வேலையையே அழிச்சிடலாம் சார். இல்லன்னா அபாய லெவலைக் குறைக்கலாம். சத்தம் வராது, சுவர்லயும் தெரியாது. உள்ளுக்குள்ள மட்டும் பதிவாகிட்டிருக்கும்.”

“அழிச்சிடுங்க. யாரும் பார்க்காத பதிவு எதுக்கு?”

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி சாந்தினி தலை நிமிரவில்லை.

“லெவலை மட்டும் குறைச்சிடும்மா. அது பாட்டுக்குத் தேடிட்டு இருக்கட்டும்.”