அழுகைக்கு மருந்து

மரகதத்தின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. "வயிற்று வலிதான்," என்று ஜாதிக்காயைக் கல்லில் உரைத்து நாக்கில் தடவினாள். பிள்ளை கண் அசந்தது.

அதன் கையில் வளையலாகக் கிடந்த வசம்புக்கு ஜாதிக்காயின் வேலை பொறுக்கவில்லை.

"வலியில்லை, பசி! தாய்க்குப் பால் போதவில்லை. தூங்க வைத்து ஏமாற்றுகிறாயே, பாவி!"

"வயிறு உன் பாடு, அழுகை என் பாடு," என்றது ஜாதிக்காய். "வீடு யாரைக் கொண்டாடுகிறது, பார்."

கொண்டாடத்தான் செய்தார்கள். அழுதபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் கூட்டி உரைத்தார்கள்.

ஒருநாள் பிள்ளை அழவே இல்லை.

"தங்கமான பிள்ளை! சத்தமே கிடையாது," என்று மரகதம் நெட்டி முறித்தாள்.

பேர் வைத்த அன்று இறுகப் பிடித்திருந்த வசம்பு வளையல், யாரும் கழற்றாமலே அந்தக் கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது.